தொழுகைக்கு ஒரு மணி நேரம், மீதி 23 மணி நேரம் எதற்கு?

கேள்வி இதுதான்: "வாழ்க்கையின் நோக்கம் அல்லாஹ்வை வணங்குவது என்று இஸ்லாம் சொல்கிறது. ஐந்து வேளைத் தொழுகைக்கு ஒளூவையும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) சேர்த்தால்கூட ஒரு மணி நேரம் சொச்சம்தான் ஆகிறது. தூக்கம், வேலை, பிள்ளைகள், கடைத்தெரு என்று கழியும் மற்ற நேரமெல்லாம் நோக்கத்துக்கு வெளியே போய்விடுகிறதா? தவிர, எந்தத் தேவையும் இல்லாத இறைவனுக்கு நம் வணக்கம் எதற்கு?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்தால்தான் முதலாவது விளங்கும்.

எல்லோரும் காட்டும் ஆதாரம் குர்ஆனின் 51:56 (51வது அத்தியாயம், 56வது வசனம்). "ஜின்களையும் மனிதர்களையும் என்னை வணங்குவதற்கே அன்றி நான் படைக்கவில்லை." பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே ஓத வேண்டும்: "அவர்களிடம் நான் வாழ்வாதாரம் எதையும் கேட்கவில்லை, எனக்கு உணவளிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. உணவளிப்பவன் அல்லாஹ்தான்." அன்றைய அரபு உலகில் எஜமான் அடிமையை வாங்கியது தனக்குச் சம்பாதித்துத் தரவும் சமைத்துப் போடவும்தான். இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது, எஜமான்தான் சோறு போடுகிறான். நபித்தோழர் அபூதர் (ரலி) அறிவிக்கும், 'முஸ்லிம்' ஹதீஸ் தொகுப்பில் பதிவான ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ்வின் பேச்சாக நபி எடுத்துச் சொன்னது) இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: உங்களில் முதலாமவர் முதல் கடைசியானவர் வரை எல்லோரும் மிகச் சிறந்த இறையச்சமுள்ள ஒருவரின் உள்ளத்தைப் பெற்றாலும் என் ஆட்சியில் எதுவும் கூடாது; எல்லோரும் மிகக் கெட்டவராகிவிட்டாலும் எதுவும் குறையாது. ஆகவே வணக்கத்தின் பலன் வணங்குகிறவனுக்கே. அவன் எதன் அடிமையாக வாழப்போகிறான் என்பதுதான் அங்கே முடிவாகிறது.

குழப்பத்தில் பாதி, நாம் பயன்படுத்தும் சொல்லிலிருந்து வருகிறது. 'இபாதத்' என்பதை 'வணக்கம்' என்று பெயர்த்ததும் தமிழ்க் காதுக்குக் கைகூப்பலோ தலைதாழ்த்தலோதான் நினைவுக்கு வரும். 'அப்து' என்றால் அடிமை, 'இபாதத்' அடிமைத்தனத்தோடு கீழ்ப்படிதல். பலர் நடந்து மிதித்துப் பதப்பட்ட பாதையை அரபியில் 'தரீக் முஅப்பத்' என்பார்கள், அதுவும் இதே வேர்ச்சொல்தான். தமிழில் 'வழிபாடு' இதற்கு நெருக்கமாக இருக்கிறது. பழைய தமிழில் வழிபடுதல் என்றால் ஒருவர் சொன்ன வழியிலே நடத்தல். இன்று அந்தச் சொல்லும் சுருங்கிச் சடங்காகிவிட்டது என்பது வேறு விஷயம். அல்லாஹ் விரும்பிப் பொருந்திக்கொள்ளும் சொல், செயல், உள்ளத்தின் நிலை ஆகிய எல்லாவற்றையும் தழுவிய பெயர்தான் இபாதத் என்று மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா வரையறுத்தார். இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் உங்கள் 23 மணி நேரத்துக்கு வாசல் திறந்தே இருக்கிறது. வாசல் திறந்திருப்பதாலேயே ஆள் உள்ளே போய்விட்டதாகாது. நிபந்தனைகள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

படைப்பின் நோக்கத்தைக் குர்ஆன் வேறு சொற்களிலும் சொல்கிறது. 2:30இல் மனிதன் பூமியில் கலீஃபா, அதாவது பொறுப்பாளன். 11:61இல் பூமியிலிருந்து உருவாக்கப்பட்டு அதைச் செழிக்கச் செய்யக் குடியேற்றப்பட்டவன். 33:72இல் வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க மறுத்த அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைச் சுமக்கிறவன். 67:2இல் சோதிக்கப்படுகிறவன்: "உங்களில் யார் செயலில் மிக அழகானவர் என்று சோதிக்க மரணத்தையும் வாழ்வையும் படைத்தான்." இவை ஒன்றோடொன்று போட்டியிடும் நான்கு நோக்கங்கள் அல்ல. அமானிதத்தை ஏற்ற அடிமை அதை எப்படிக் கையாள்கிறான் என்ற ஒரே விஷயத்தை நான்கு கோணங்களில் காட்டுகின்றன. கடைசி வசனத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'அதிகமாக அமல் (செயல்) செய்கிறவர்' என்று அங்கே இல்லை, 'அஹ்ஸனு அமலா', அழகாகச் செய்கிறவர் என்றே இருக்கிறது. ஹிஜ்ரி 187இல் மறைந்த அறிஞர் ஃபுளைல் இப்னு இயாள் இதற்கு இரண்டு அளவுகோல் சொன்னார்: எது மிகவும் கலப்பற்றதோ, எது மிகவும் சரியானதோ, அது. கலப்பற்றது என்றால் அல்லாஹ்வுக்காக மட்டும் செய்தது, சரியானது என்றால் நபிவழியில் செய்தது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் ஏற்கப்படாது.

"நான் மறைந்த பொக்கிஷமாக இருந்தேன், அறியப்பட விரும்பினேன், ஆகவே படைத்தேன்" என்ற வாசகத்தையும் இங்கே பலர் மேற்கோள் காட்டுவார்கள். சூஃபி வட்டாரங்களில் மிகப் பிரபலமான வாசகம் இது. ஆனால் இதற்கு அறிவிப்பாளர் வரிசை இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள், எனவே நபிமொழி என்று எடுத்துச் சொல்லக் கூடாது. 'வணங்குவதற்கே' என்பதை 'என்னை அறிவதற்கே' என்று விளக்கும் கருத்து மட்டும் முஜாஹித் போன்ற ஆரம்பகால விரிவுரையாளர்களிடமிருந்து வந்திருக்கிறது. கருத்துக்குப் பிழையில்லை, மேற்கோள்தான் பிழை.

இனி 23 மணி நேரத்துக்கு வருவோம். வீட்டில் நபி (ஸல்) என்ன செய்வார்கள் என்று அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில் 'புகாரி' ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: தம் வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது என்பேன். முதல் பாதியை விட்டுவிடுகிறவர் உண்டு, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறவரும் உண்டு.

முதல் பாதியை விட்டவர்கள் நபித்தோழர்கள் காலத்திலேயே இருந்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இரவு முழுக்கத் தொழப்போவதாகவும், இன்னொருவர் விடாமல் நோன்பு வைக்கப்போவதாகவும், மூன்றாமவர் மணமே முடிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்கள். "நான் நோன்பு வைக்கிறேன், விடவும் செய்கிறேன், தொழுகிறேன், தூங்கவும் செய்கிறேன், மணமும் முடிக்கிறேன். என் வழியைப் புறக்கணிப்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்ல" என்று நபி (ஸல்) மறுத்துவிட்டார்கள். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) மக்காவில் நோயுற்றுக் கிடந்தபோது தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மமாக எழுத அனுமதி கேட்டார். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்ற பதில் வந்தது. வாரிசுகளை மக்களிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல். அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிச் செய்யும் எந்தச் செலவுக்கும் கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும்கூட. மேடைகளில் அந்தக் கவளம் மட்டும்தான் பேசப்படும். 'பொருத்தத்தை நாடி' என்ற நிபந்தனை காணாமல் போய்விடும்.

அந்த நிபந்தனையின் பெயர் நிய்யத், அதாவது உள்ளத்தின் எண்ணம். ஒரு பலசரக்குக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வியாபாரம் இபாதத் ஆக நான்கு விஷயங்கள் பொருந்திவர வேண்டும்.

முதலாவது, தொழில் ஹலாலாக (மார்க்கம் அனுமதித்ததாக) இருக்க வேண்டும். நல்ல நிய்யத் ஹராமை ஹலாலாக்காது. வட்டிக்கு விட்டு அந்தக் காசில் பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தாலும் அது தர்மக் கணக்கில் சேராது. "அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்பான்" என்ற முஸ்லிம் ஹதீஸில், நெடும்பயணத்தில் புழுதி படிந்து வானத்தை நோக்கிக் கையேந்தும் ஒருவர் வருகிறார். உணவும் உடையும் ஹராமாக இருக்க, அவருடைய துஆ (பிரார்த்தனை) எப்படி ஏற்கப்படும் என்று அந்த ஹதீஸ் கேட்கிறது.

அடுத்தது நிய்யத்தே. அதற்கு இடம் உள்ளம்தான், கடையைத் திறக்கும்போது வாயால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மனைவி மக்களின் செலவு என் மீது ஃபர்ளு (கட்டாயக் கடமை), அதை ஹலாலில் நிறைவேற்றுகிறேன், யாரிடமும் கையேந்தாமல் இருக்கிறேன் என்ற எண்ணம் போதும். லாபம் வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருக்கும். அது இயல்பு, அதனால் நிய்யத் கெடாது. உண்மையான நிய்யத்தா, சும்மா சொல்லிக்கொள்வதா என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு: லாபமும் மார்க்கமும் மோதும் நாளில் எது விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பது.

மூன்றாவது, வேலையைச் செம்மையாகச் செய்வது. எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்ற ஹதீஸ் எடுத்துக்காட்டும் உதாரணம், அறுப்பதானால் கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்பது. அவ்வளவு நுணுக்கம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்), நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, "ஏமாற்றுகிறவன் என்னைச் சேர்ந்தவன் அல்லன்" என்றார்கள். எடையில் மோசம் செய்கிறவர்களுக்கென்றே 83வது சூரா தொடங்குகிறது.

நான்காவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்: வேலை ஃபர்ளை விழுங்கிவிடக் கூடாது. 'வேலையே வணக்கம்' என்ற வாசகம் கேட்க அழகாக இருக்கிறது, பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் ஆபத்து. அஸர் (மாலைத் தொழுகை) தவறிப்போனதற்கு ஈடாக இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்தேன் என்று எந்தக் கணக்கும் இல்லை. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது 4:103. ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விடுங்கள் என்று 62:9 சொல்கிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று 62:10 திருப்பிக் கடைக்கே அனுப்புகிறது. இந்த வரிசை மாறக்கூடாது.

ஏன் இந்த வற்புறுத்தல்? நிய்யத் தேய்ந்துபோகும் தன்மை உடையது. காலையில் குடும்பத்துக்காக என்று ஆரம்பித்தது மதியத்துக்குள் எதிர்க்கடைக்காரனைத் தோற்கடிப்பதற்காக என்று மாறியிருக்கும். ஃபர்ளான ரக்அத்துகள் (தொழுகையின் சுற்றுகள்) நாளுக்கு 17: சுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4. ஒவ்வொன்றிலும் அல்ஹம்து சூரா உண்டு; அதன் நடுவில் "உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்" உண்டு. ஆக, வாழ்க்கையின் நோக்கம் அடங்கிய அந்த ஒரு வரி ஒரு நாளில் குறைந்தது 17 முறை, நாள் முழுக்கப் பரவலாக வந்துகொண்டே இருக்கிறது. "என்னை நினைவுகூரத் தொழுகையை நிலைநாட்டு" என்று மூஸா (அலை) அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் (20:14) இதனால்தான்.

வேகவேகமாகக் குனிந்து நிமிர்ந்தால் அந்த வேலை நடக்காது. ஒருவர் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்னபோது, "திரும்பப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை" என்று நபி (ஸல்) மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ருகூவிலும் (குனிதல்) ஸஜ்தாவிலும் (நெற்றியைத் தரையில் வைத்தல்) உடல் அடங்கி நிலைகொள்ளும் வரை இருக்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொடுத்தார்கள். அப்படித் தொழ ஒரு ரக்அத்துக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடலாம். 23 மணி நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் அந்த ஒரு மணி நேரத்தைச் சரிசெய்வது நல்லது.

உதாரணம் எப்போதும் ஆண் வியாபாரியாகவே அமைந்துவிடுகிறது, நானும் அதையே செய்திருக்கிறேன். நபியின் மகள் ஃபாத்திமா (ரலி) திரிகை சுற்றிக் கை காய்த்துப்போய்ப் பணியாள் கேட்டு வந்தார்கள். படுக்கப்போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லிக்கொள்வது பணியாளைவிட மேல் என்று தந்தை கற்றுக்கொடுத்தார்கள். வீட்டு வேலை நோக்கத்துக்கு வெளியே இருக்கவில்லை.

எந்தத் தொழிலைத் தேர்வது என்பதும் நோக்கத்தோடு தொடர்புள்ளதே. ஊருக்கு மருத்துவர் வேண்டும், கணக்கு தெரிந்தவர் வேண்டும், விவசாயி, நெசவாளி வேண்டும். இவை ஃபர்ளு கிஃபாயா. போதுமான பேர் செய்தால் எல்லோரின் பொறுப்பும் நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் காலத்து நிலையைக் கடுமையாகவே சாடினார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, ஆனால் எல்லோரும் ஃபிக்ஹுச் சட்டத்தில், அதிலும் வாதச் சண்டைகளில் போய் விழுகிறார்கள்; பதவியும் வக்ஃபு நிர்வாகமும் அங்கேதான் கிடைக்கின்றன என்பது காரணம். மார்க்கக் கல்வி தேடுவதிலும் நிய்யத் கெடலாம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டாம். மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படுகிறவர்கள் என்று முஸ்லிம் ஹதீஸ் குறிப்பிடும் மூவரும் போர்வீரர், குர்ஆன் ஓதிய அறிஞர், கொடைவள்ளல். மூவரும் பெயருக்காகச் செய்ததால் நரகம் போகிறார்கள்.

நோக்கத்தில் பெரிய ஓட்டை எங்கே விழுகிறது என்று கேட்டால், மனிதர்களின் உரிமையில்தான். தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு (கட்டாயத் தர்மம்) மறுமைக்கு வரும் ஒருவரை நபி (ஸல்) 'முஃப்லிஸ்', திவாலானவர் என்று பெயரிட்டார்கள். அவர் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பார், இன்னொருவர் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கு வைக்கப்படும். தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவர் தலையில் ஏற்றப்படும். நம் ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்ததே. தகப்பன் விட்டுப்போன வீட்டில் சகோதரிக்கு 4:11 சொல்லும் பங்கைக் கொடுக்காமல், 'அவளே வேண்டாம் என்றாள்' என்று சொல்லிவிட்டு, அண்ணன் மூன்றாவது உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணம்) புறப்படுகிறார். மஹர் (மணமகளுக்குத் தரும் மணக்கொடை) கொடுத்து மணக்க வேண்டியவன் கைக்கூலி (வரதட்சணை) வாங்கிக்கொண்டு வலீமா எனும் திருமண விருந்தை சுன்னத் (நபிவழி) என்கிறான். சுன்னத்துக்காக ஃபர்ளை விற்கும் வியாபாரம் இது.

ஸகாத்திலும் கணக்குப் பிழை சகஜம். நிஸாப், அதாவது ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, தங்கத்தில் 20 மித்கால் (பழைய எடை அளவு): ஒரு கணக்கில் 85 கிராம், ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) உலமாக்கள் சொல்லும் கணக்கில் 87.48 கிராம், ஏறத்தாழ 11 பவுன். வெள்ளியில் 595 அல்லது 612.36 கிராம். ரொக்கத்துக்கு எதை அளவாக வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெள்ளியை வைத்தால் ஏழைகளுக்குப் பயன் அதிகம். ஆண்டு என்பது பிறை ஆண்டு, 354 நாள். ஆறு லட்சம் ரூபாய் நிஸாபுக்கு மேல் ஓராண்டு இருந்தால் 2.5 சதவீதம், 15,000 ரூபாய். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கணக்கு வைக்கிறவர் 2.577 சதவீதம் கொடுத்தால்தான் சரியாக வரும், இல்லாவிட்டால் சுமார் 33 ஆண்டில் ஒரு முழு ஆண்டின் ஸகாத் விடுபட்டுப்போகும். பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஸகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை போன்ற பெரும்பாலும் ஷாஃபிஈ பகுதிகளுக்கும் ஹனஃபி வழக்கம் மிகுந்த தமிழக உள்மாவட்டங்களுக்கும் இடையே சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் இது வருடாவருடம் வரும் பேச்சு. தனக்கு எது வசதியோ அந்த மத்ஹபுக்கு ரமலானில் மட்டும் மாறுவது நிய்யத்தின் நோய்.

துன்பம் எதற்கு என்பதற்குச் சுருக்கமாக: 2:155 பயம், பசி, பொருள் இழப்பு, உயிரிழப்பு, விளைச்சல் இழப்பு ஆகியவற்றால் சோதிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. 89:15-16 இன்னொரு தவறைத் திருத்துகிறது. வசதி வந்தால் 'இறைவன் என்னைக் கண்ணியப்படுத்தினான்' என்றும், கை சுருங்கினால் 'இழிவுபடுத்தினான்' என்றும் மனிதன் சொல்கிறான். 'கல்லா', அப்படியல்ல என்று அடுத்த வசனம் வெட்டிவிடுகிறது. இரண்டுமே வினாத்தாள்தான். புது வீட்டு வாசலில் எழுதிவைக்கும் வாசகங்களைப் பார்த்தால் முதல் வினாத்தாளை நாம் மதிப்பெண் சான்றிதழாக எடுத்துக்கொள்வது தெரியும்.

நடைமுறைக்கு கஸ்ஸாலி தம் 'இஹ்யா' நூலில் தரும் முறையே இன்றும் பயன்படுகிறது. உள்ளத்தை ஒரு வியாபாரக் கூட்டாளியாக நினைக்கச் சொல்கிறார். அதில் மூலதனம் என்பது ஃபர்ளுகள்; லாபம் என்பது நஃபிலான (கடமையல்லாத, கூடுதல்) அமல்கள்; நஷ்டம் என்பது பாவங்கள். சுபுஹுக்குப் பிறகு சில நிமிடம் உட்கார்ந்து அன்றைக்கான நிபந்தனைகளை உள்ளத்தோடு பேசி முடிக்க வேண்டும். கண், காது, நாக்கு, கை, கால் என்று உறுப்பு உறுப்பாக, அன்று சந்திக்கப்போகும் ஆட்களையும் வேலைகளையும் நினைத்து. பகலில் கண்காணிப்பு: செயலுக்கு முன் ஒரு கணம் நின்று 'யாருக்காக?' என்று கேட்பது. இரவில் கணக்கு, அதில் மூலதனத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், லாபத்தை அல்ல. தவறியிருந்தால் ஆகுமான ஒரு தண்டனை. சோம்பியிருந்தால் கூடுதல் முயற்சி. கடைசியாக உள்ளத்தைக் கண்டித்தல். ஆறு கட்டத்தையும் முதல் வாரமே பிடிக்க முயன்றால் இரண்டாவது வாரம் எதுவும் மிஞ்சாது. காலை நிபந்தனையும் இரவுக் கணக்கும் மட்டும் ஆரம்பத்துக்குப் போதும். குறைவானாலும் தொடர்ந்து செய்வதே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல் என்று ஹதீஸ் இருக்கிறது.

வயது பாதி போய்விட்டது, பழைய பாக்கியை என்ன செய்வது என்றால், தவ்பாவுக்கு (பாவமன்னிப்புக் கோரி மீள்வது) மூன்று நிபந்தனைகள்: பாவத்தை நிறுத்துவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதிகொள்வது. மனிதர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக அதைத் திருப்பிக் கொடுப்பது. விடுபட்ட ஃபர்ளுத் தொழுகைகளைக் களா செய்ய (பிறகு தொழுது நிறைவேற்ற) வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளின் நிலை. எளிய வழி, ஒவ்வொரு வேளையிலும் அதே வேளையின் ஒரு களாவைச் சேர்த்துத் தொழுவது. ஓராண்டு பாக்கி ஓராண்டில் தீரும். பெண்கள் மாதவிடாய் நாட்களின் தொழுகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அந்த நாட்களின் ஃபர்ளு நோன்புகளைச் சேர்க்க வேண்டும். அடுத்தவர் பொருளை அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். தேடியும் யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தத் தொகையை அவர் சார்பாக ஸதகா (தர்மம்) செய்துவிட வேண்டும், நன்மையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாமல். பிறகு ஆள் வந்து தன் பணத்தைக் கேட்டால் அப்போதும் கொடுக்கத்தான் வேண்டும்.